பெருவிழாவின் மறுநாள்

கொண்டாட்டத்தின் நடுவே பேரிடர் நேரும்போதெல்லாம் நம் நகரில் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஊர் அழும்போது பாட்டு எதற்கு, விழாவை நிறுத்துங்கள் என்பது ஒன்று. துயருக்குக் கலையே மருந்து, விழா நடக்கட்டும் என்பது மற்றொன்று. இரு சாராரும் நெஞ்சு பதைத்தே பேசுகின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரு வாதங்களும் ஒரே குறையைச் சுமக்கின்றன. நாம் பாடலாமா, கூடாதா என்று இரண்டுமே நம்மைப் பற்றியே கவலைப்படுகின்றன. இறந்தவர் யார், அவரை இழந்த குடும்பம் இன்று எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமில்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 25, 26 ஆகிய இரு நாள்களை எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை கிறிஸ்து பிறப்புப் பெருவிழா, மறுநாள் ஞாயிறு. சபாக்களில் மார்கழி இசைவிழா உச்சத்தில் இருந்தது. 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து வளர்ந்தது மியூசிக் அகாடமி. அதன் வழியே ஆண்டிறுதி விடுமுறைக் காலம் இசையின் காலமாகவும் ஆயிற்று. மயிலை மாடவீதிகளில் வைகறை பஜனையும், நம் ஆலயங்களில் ஞாயிறு திருப்பலியும், அரங்குகளில் கச்சேரியும் ஒரே நகரின் ஒரே வாரத்தில் கலந்துவிட்டன.

அந்த ஞாயிறு காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. அலை சென்னைக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் நகரம் ஒன்றும் அறியாமல் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. ஐதராபாத்தில் நமக்கென ஒரு மையம் 2007-இல்தான் அமைந்தது. மெரினாவில் காலை உலா வந்தவர்களையும், மணலில் கிரிக்கெட் ஆடிய சிறுவர்களையும், குப்பங்களில் வாழ்ந்த மீனவக் குடும்பங்களையும் அலை வாரிச் சென்றது. சென்னையில் ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மறைந்தனர். வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகள் பலர் மடிந்தனர்.

அடையாற்றின் கழிமுகத்துக்குத் தெற்கே ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. ஊரூர், ஒல்காட் என்னும் இரு மீனவக் குப்பங்கள் சேர்ந்த பெயர் அது. 1882-இல் அடையாற்றுக்கு வந்த பிரம்மஞான சபையின் தலைவரும், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்காக 1894-இல் பள்ளி தொடங்கியவருமான அமெரிக்கர் ஒல்காட்டின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பெசன்ட் நகர் என்ற பெயர் தோன்றுவதற்கு முன்பே அங்கே படகும் வலையும் இருந்தன. இன்று நடக்கும் தூரத்தில் அன்னை வேளாங்கண்ணி திருத்தலம். சற்றுத் தெற்கே கலாக்ஷேத்திரா. பக்தியும் கலையும் இருபுறமும் சூழ்ந்திருக்கும் அந்த ஊருக்குள் அவற்றைத் தேடி வருவோரில் எத்தனை பேர் காலடி வைத்திருக்கிறோம்?

அதே கடற்கரையில் வெண்ணிற நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, மூழ்கிக்கொண்டிருந்தோரைக் காக்கக் கடலில் இறங்கி உயிரிழந்த ஷ்மிட் என்ற ஐரோப்பியரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. காப்பாற்றப்பட்ட பெண்மணி மிகக் குறுகிய காலத்திலேயே எதுவும் நடவாததுபோல் விருந்தொன்றில் மகிழ்ந்திருந்ததாகவும், அதைக் கண்டு மனம் நொந்த ஆளுநரே அச்சின்னத்தை அமைக்கச் செய்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நகரம் தன்னை அறியாமலே தன்மீது குற்றம் சாட்டிக்கொள்கிறது. விருந்துக்குப் போனதா அவள் பிழை? தனக்காக இறந்தவனை மறந்து போனதல்லவா பிழை?

விழாவை நிறுத்து என்போருக்கு நாம் சொல்வது இதுதான். நிறுத்துவது எளிது, அது ஓரிரு நாள் செய்தி. பக்கவாத்தியக் கலைஞருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் அன்றாட வருமானம் போகும். கடலோரத்தாருக்கு அதனால் ஒரு வலைகூடக் கிடைக்காது. ஆழிப்பேரலைக்குப் பின் சென்னைக் கடலோரக் குடும்பங்கள் பல, தம் படகு நின்ற கரையைவிட்டுப் பல கல் தொலைவிலுள்ள செம்மஞ்சேரிக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டன. கடலை விட்டு மீனவன் எப்படிப் பிழைப்பான் என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். டிசம்பரில் ஒரு மாலை மௌனமாக இருந்தவர்கள், அடுத்து வந்த ஆண்டுகளிலும் மௌனமாகவே இருந்துவிட்டோம்.

விழா நடக்கட்டும் என்போருக்கும் ஒரு சொல். கலை மருந்தாகும் என்கிறீர்கள். நோயாளி இருக்கும் இடத்துக்கு அம்மருந்து போயிற்றா? அரங்கின் வாயிலில் நுழைவுச்சீட்டும், அரங்கினுள் சாதியும் பழக்கமும் வகுத்த வட்டமும் இருக்க, உள்ளே பாடப்படும் இரங்கற்பாடல் யாருக்கு ஆறுதல்?

இக்கேள்வியை 2015-இல் ஒல்காட் குப்பமே எழுப்பியது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியலாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து அங்கே கலைவிழா தொடங்கினர். கர்நாடக இசைக்கும் பரதத்துக்கும் பறைக்கும் ஒரே மேடை கிடைத்தது. இது தருமமா, இசையை அள்ளிக் கொடுக்கும் கருணையா என்று எள்ளினர் சிலர். அக்கண்டனத்தில் ஒரு நியாயம் உண்டு. மேலிருந்து கொடுப்பதாக எண்ணிச் செல்லும் எதுவும் அவமதிப்பே. ஆனால் ஒருவர் ஊருக்கு விருந்தாளியாகப் போவது வேறு, கொடையாளியாகப் போவது வேறு. விருந்தாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறான்.

அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட, அடையாறு கரை கடந்தது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. மாடிகளில் தவித்த நகரத்தாரை மீட்கக் கடலிலிருந்து படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். தம்மைக் காக்க யார் வந்தார்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டு அவர்கள் படகை எடுக்கவில்லை. நல்ல சமாரியரின் உவமையை ஆண்டுதோறும் கேட்கிறோம். அதில் அடிபட்டுக் கிடந்தவரின் இடத்தில் நம்மை வைத்துப் படித்திருக்கிறோமா? நம் அயலார் யார் என்பதை அந்த டிசம்பர் நமக்குக் காட்டிச் சென்றது.

பொதுநிலையினராகிய நமக்கு இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. அந்த 2004 டிசம்பர் 26 திருக்குடும்பத் திருவிழா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய குடும்பத்தின் கதையே அன்றைய நற்செய்தி. அதே அதிகாரத்தில் பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்படும் பகுதி அன்றைய வாசகத்தில் இடம்பெறுவதில்லை. டிசம்பர் 28 அன்று மாசில்லாக் குழந்தைகளின் திருநாளில் வாசிக்கப்படுகிறது. 26-ஆம் நாளோ வழக்கமாக மறைசாட்சி ஸ்தேவானுக்கு உரியது. பிறப்பின் எண்கிழமைக்குள்ளேயே திருச்சபை குருதியையும் கண்ணீரையும் வைத்திருக்கிறது. பிறப்பு விழாவை அது நிறுத்தவில்லை. கொல்லப்பட்ட குழந்தைகளை மறக்கவும் இல்லை. நாமோ 25-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, மறுநாள் முதல் கேக்குத் துண்டுகளோடும் விருந்தினரோடும் வீட்டில் இருந்துவிடுகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்கும் காவியுடுத்தி, வெறுங்காலோடு பெசன்ட் நகருக்கு நடக்கிறோம். அன்னையின் பெயரால் கடற்கரை வரை வருகிற நாம், கடற்கரையில் வாழ்பவர்களைக் காணாமலே திரும்புகிறோம். அவர்கள் நம் மந்தையினர் அல்லர் என்று யாரேனும் முணுமுணுத்தால், வேளாங்கண்ணிக்கு நடந்து வருவோரில் எத்தனை பேர் நம் மந்தையினர் என்று அவரிடம் கேளுங்கள்.

இரண்டு செயல்களை முன்வைக்கிறோம். டிசம்பர் 26 அன்று மீனவர்கள் கடலில் பாலூற்றி மலர்தூவி அழுகிறார்கள். கடலிலிருந்து தள்ளி இருக்கும் பங்குகளும், அண்ணாநகராயினும் தியாகராய நகராயினும், அன்று மன்றாட்டில் அவர்களை நினைக்கட்டும். பங்குப் பேரவையினர் அக்கரைக்குச் சென்று, அழைத்தால் மட்டும் பேசி, மற்றபடி உடன் நிற்கட்டும். அடுத்து, கிறிஸ்து பிறப்புக் கலைநிகழ்ச்சிகளை ஆண்டுக்கு ஒன்றேனும் ஆலய வளாகத்துக்கு வெளியே, குப்பத்தார் இசைவோடு, அவர்கள் கலைஞர்களுக்கும் சம மேடை தந்து நடத்தட்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை, அரசாணையும் வேண்டியதில்லை. நம் பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும். அந்த ஒருவராக இதைப் படிக்கும் நீங்கள் இருக்கலாகாதா?