வலைக்காக வைத்த பயிர்

கேள்வி: மீனும் சிப்பியும் கையருகே கிடைத்த கடலோர மக்கள் ஆதியில் எதற்காகப் பயிர் வைத்தார்கள்? பசியா?

பதில்: பசி மட்டுமே காரணமல்ல. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடற்கரை மழையற்ற பாலைவனம். ஆனால் குளிர்ந்த நீரோட்டத்தால் கடலில் மீன் வளம் அதிகம். அங்கே சிக்காமா ஆறு கடலில் சேரும் பகுதியில் உள்ள ஹுவாக்கா பிரியெட்டா என்ற மேட்டை 1946-இல் ஜூனியஸ் பேர்ட் என்ற ஆய்வாளர் தோண்டினார். பருத்தி நூல் வலைகளும், அவற்றுக்கு மிதவையாகக் கட்டிய சுரைக்குடுக்கைகளும் கிடைத்தன. சுமார் 6,000 ஆண்டுப் பழமையான, அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணியும் பிற்கால ஆய்வில் அங்கே தெரியவந்தது.

அம்மக்கள் மீன்பிடிப்பை விடவில்லை. பூசணி, மிளகாய், பீன்ஸ் வகைகளை உணவுக்கு வைத்தார்கள். பருத்தியையும் சுரையையும் தொழிலுக்கு வைத்தார்கள். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் நம் ஊரில் கட்டிய குடுக்கையின் வேலையும் இதுதான். அந்தப் பருத்தியின் இனத்தைச் சேர்ந்ததே நம் ‘சுவின்’ ரகமும்.

காட்டுச் சுரையின் ஓடு மெல்லியது, எளிதில் உடையும். கெட்டி ஓடுள்ள காயின் விதையையே தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்ததால்தான் உறுதியான குடுக்கை கிடைத்தது. படிப்போ கருவியோ இல்லாத காலத்திலேயே விதைத் தேர்வு விவசாயி கையில் இருந்தது.

இன்றும் அது உங்கள் கையில்தான். நோயற்ற, நன்கு காய்க்கும் சுரைக்கொடியில் வடிவான இரண்டு காய்களைப் பறிக்காமல் விடுங்கள். ஓடு காய்ந்து, ஆட்டினால் விதை குலுங்கும்போது எடுங்கள். பக்கத்தில் வேறு ரகச் சுரை இருந்தால் மகரந்தம் கலந்து ரகம் மாறிவிடும், கவனம் தேவை.