முடக்கத்தான் தோசை நிமிர்த்தாத முதுகு

பட்டணத்திலிருந்து தோட்டம் பார்க்க வரும் நண்பர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வசனம் உண்டு. "உங்களுக்கென்னங்க, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, குனிஞ்சு நிமிர்ந்து வேலை. மூட்டுவலி, முதுகுவலியெல்லாம் எங்களை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குத்தான்."

அப்படிச் சொல்றவங்க எங்க பக்கம் களை வெட்டப் போகும் ஒரு அக்காவோட சுருக்குப் பையைப் பார்த்ததில்லை. வெத்தலை பாக்குக்குப் பக்கத்துல பாதி கிழிச்ச மாத்திரை அட்டை ஒண்ணு இருக்கும். பி.ஏ.பி. வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சுன்னா மக்காச்சோளக் காட்டுல களை மளமளன்னு ஏறிடும். அந்த வாரங்கள்ல காலைல அந்த மாத்திரையைப் போட்டாத்தான் மத்தியானம் வரைக்கும் குனிய முடியும். "இடுப்பு கடுக்குது கண்ணு, ஒண்ணு போட்டாத்தான் ஓடும்" என்பார்கள், வண்டிக்கு டீசல் ஊத்துற மாதிரி. இயற்கையோடு இணைந்த வாழ்க்கை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் கிராமம் வலி மாத்திரையில்தான் ஓடுகிறது.

வலி நிவாரணி கெட்டது என்று பொதுவாக நான் சொல்ல மாட்டேன். தேவைக்குச் சில நாள், டாக்டர் சொன்ன அளவில் போட்டால் அது நல்ல மருந்து. ஆனால் இங்கே நடப்பது வேறு. "கை கால் வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டால் சீட்டு இல்லாமலே நாலு நிறத்தில் மாத்திரை பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. டைக்ளோபினாக் போன்ற மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் சுரப்பைத் தடுக்கின்றன. அதே வகைச் சுரப்புதான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. இப்போது கணக்குப் போடுங்கள். வெறும் வயிறு. சித்திரை வெயில். சில பேருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சேர்ந்து. இதெல்லாம் போக, ஒதுங்க மறைவிடம் இல்லாத காட்டில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அந்த உடம்பில்தான் இந்த மாத்திரை மாசக்கணக்கில், வருசக்கணக்கில் இறங்குகிறது.

இதே டைக்ளோபினாக்தான் இந்தியாவின் பாறு கழுகுகளைக் கொன்றது. மாட்டின் வலிக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2004-ல் காரணம் தெரிந்தது, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று 2015-ல் ஒரு குப்பிக்கு 3 மில்லிக்கு மேல் அடைக்கவும் தடை வந்தது. அதனால்தான் இன்றைக்கும் நம்ம மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பாறுகள் மிச்சம் இருக்கின்றன. பாறுக்கு விஷமாகும் அளவு மனிதனுக்கு விஷமாகாது. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது என் வேலையும் இல்லை. ஆனால் மாட்டுக்கும் கழுகுக்கும் காட்டிய அக்கறையில் கால்வாசியாவது களை வெட்டும் பெண்ணின் சிறுநீரகத்துக்குக் காட்டலாமே என்று கேட்பதில் தப்பில்லை.

சரி, மாத்திரையை விட்டுட்டு இயற்கைக்கு மாறுங்கன்னு சொல்லிடலாமா? அங்கேதான் அடுத்த கூத்து.

மூட்டுவலிக்கு "பக்கவிளைவே இல்லாத மூலிகைப் பொடி" என்று சந்தையிலும் செல்போனிலும் விற்பவை ஏராளம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டையும் வலி நிவாரணியையும் ரகசியமாகக் கலந்து விற்பது பலமுறை பிடிபட்ட மோசடி. ஸ்டீராய்டு முகத்தை ஊதவைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை உளுத்துப்போக வைக்கும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. வாதநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954-லிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. இருந்து என்ன பண்ண?

இன்னொன்றும் சொல்லணும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கி, ஒரு மணி நேரமாகியும் மடங்கவில்லை என்றால் அது எண்ணெய் தேய்த்துத் தீரும் வலியில்லை. அது முடக்குவாதமாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே முறையான மருந்து எடுத்தால் மூட்டு பிழைக்கும். "இங்கிலீஷ் மருந்து வேண்டாம்" என்று இரண்டு வருசம் தள்ளினால் கோணிய விரல் திரும்ப நிமிராது. முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதில் இயற்கை, செயற்கை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவும் சொன்னதால் நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். நொச்சி இலை ஒத்தடமும், நல்லெண்ணெய் போட்டு நீவி விடுவதும் இறுகிய தசைக்கு இதம் தரும். நம்ம ஊர் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. படித்த மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே போங்க, கூடவே மற்ற மாத்திரை என்னென்ன சாப்பிடறீங்கன்னும் சொல்லுங்க. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய புரிதல், பிடித்துவிடுதல் போன்ற சிகிச்சை, மனசுக்கான சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து என்று எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறது. 2020 கணக்கில் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. ஒற்றைப் பொடியில் தீருகிற விஷயமா இது?

ஆனால் இந்தச் சண்டை முழுக்க மாத்திரையா மூலிகையா என்றே நடப்பதுதான் எனக்கு ஆத்திரம். முழுமையான மருத்துவம் என்று பெரிதாகப் பேசுகிறோம். வலி எங்கிருந்து வருது என்று கேட்காமல் அதில் என்ன முழுமை இருக்கிறது? ராத்திரி தைலம் தேய்த்துக் காலையில் மறுபடி அரையடிப் பிடி போட்ட களைக்கொத்தோடு எட்டு மணி நேரம் குனிந்தால், முடக்கத்தான் தோசை என்ன செய்யும், டைக்ளோபினாக்தான் என்ன செய்யும்? "குனிஞ்சு நிமிர்ந்து" வேலை என்கிறீர்கள். குனிவதுதான் உண்டு, நிமிர்வது எங்கே? ஜிம்மில் நீங்கள் வலித்தால் எடையைக் கீழே வைத்துவிடலாம். கூலிக்குக் குனிந்தவள் வைக்க முடியாது.

கலிபோர்னியாத் தோட்டங்களில் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகளுக்கும் இதே குட்டைப் பிடிக் கொத்துதான். அதற்கு அவர்கள் வைத்த பெயரே "குட்டையன்". நீளப் பிடி கொடுத்தால் பயிர் வெட்டுப்படும் என்று முதலாளிகள் வாதாடினார்கள். தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள், முதுகெலும்பு எப்படிச் சிதைகிறது என்று டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-ல் அந்தக் கொத்து தடை செய்யப்பட்டது. விவசாயம் ஒன்றும் அழிந்துபோகவில்லை. ஒரு மாத்திரையும் இல்லாமல், ஒரு மூலிகையும் இல்லாமல், ஒரு பிடியை நீளமாக்கி ஆயிரக்கணக்கான முதுகுகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

அதே கலிபோர்னியாவில் 2004-ல் குனிந்து கையால் களை பிடுங்கவும் கட்டுப்பாடு வந்தது. அப்போது விலக்குக் கேட்டு வாங்கியது யார் தெரியுமா? இயற்கைப் பண்ணைகள். களைக்கொல்லி அடிக்க முடியாது, அதனால் ஆள் குனிந்துதான் ஆகவேண்டும் என்றார்கள். களைக்கொல்லி அடிக்காத காய் வேண்டும் என்று கேட்கும் நீங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். உங்கள் உடம்புக்கு நல்லது என்று வாங்கும் தக்காளியில் இன்னொருத்தர் இடுப்பு கரைந்திருக்கிறது.

களைக்கொல்லி அடிங்கன்னு நான் சொல்ல வரவில்லை. நின்றபடி தள்ளிக் களையெடுக்கும் கைக்கருவிகளைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் எப்போதோ செய்து வைத்திருக்கிறது. அது வாங்கவும் பழகவும் காசும் நேரமும் வேணும். யூரியா மூட்டையை அரசு 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 ஆக்கியது உரத்தை மிச்சம் பிடிக்க. தூக்குபவன் முதுகை நினைத்தும் அப்படி ஒரு முடிவு எடுக்கலாம். உடுமலைச் சந்தையில் தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கு. அதையே ரெண்டு ரெண்டாகத் தலையில் ஏற்றுவதை எங்களைப் போன்ற தோட்டக்காரர்கள்தான் நிறுத்தணும். மணிக்கொரு தரம் பத்து நிமிசம் நிமிர விடுவதும், காட்டோரம் ஒரு மறைவிடம் கட்டுவதும், குடிக்கத் தண்ணீர் வைப்பதும் தோட்டக்காரர் செய்யும் வைத்தியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், நல்ல காரியம். படுத்தவர்களைத் தேடிப் போவதோடு, படுக்கும் முன்னாலேயே களத்துமேட்டுக்கும் அது வரணும்.

அடுத்த முறை இயற்கை அங்காடியில் "மருந்து அடிக்காததுங்களா?" என்று கேட்கும்போது, கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "களை எதுல வெட்டுனாங்க, பிடி எவ்வளவு நீளம்?" அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் விவசாயிக்குக் கிலோவுக்கு அஞ்சு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். வலிக்கு நீங்கள் செய்யக்கூடிய முழுமையான மருத்துவம் அதுதான்.