நீர் கெடும்போது யார் சொல் எடுபடுகிறது?

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் ஒன்றிய அரசு கொண்டுவந்த திருத்தம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சிறைத் தண்டனைக்குரியவையாக இருந்த பல மீறல்கள் இனி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தோடு முடிந்துவிடும். அதை விதிப்பவரும் நீதிபதியல்லர். அரசு நியமிக்கும் அலுவலர். இத்திருத்தம் முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றுக்கே பொருந்தும். பிற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானத்தின் வழியே இதனை ஏற்கலாம். அவ்வாறு ஏற்குமுன், நீர் மாசுபாட்டில் உலக நாடுகள் பெற்ற பட்டறிவைத் திரும்பிப் பார்ப்பது தேவையாகிறது.

ஜப்பானின் மினமாட்டாவில் ‘சிசோ’ வேதி ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்தது. மீனை உண்ட ஏழை மீனவக் குடும்பங்கள் கைகால் நடுங்கி, பார்வை குன்றி, வலிப்பு கண்டு மாண்டன. இந்நோய் 1956 மே மாதம் அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்யப்பட்டது. தொற்றுநோய் என அஞ்சி ஊரார் நோயாளிகளை ஒதுக்கினர். ஆலைக் கழிவைப் பூனைக்கு உண்ணக் கொடுத்து, அதுவே நோய்க்குக் காரணம் என்று ஆலை மருத்துவரே 1959இல் கண்டறிந்தார். நிர்வாகம் அதை மறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு சுத்திகரிப்புக் கருவியை நிறுவி, சிக்கல் தீர்ந்ததென ஊரை நம்ப வைத்தது. அக்கருவி பாதரசத்தை அகற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டதே அன்று. ஆலையே காரணம் எனப் பின்னாளில் தெரியவந்தாலும் மேலும் இழப்பீடு கேட்கமாட்டோம் என்ற ஒப்பந்தத்தில், சிறு ‘ஆறுதல் தொகை’ கொடுத்து நோயாளிகளிடம் கையெழுத்தும் வாங்கியது. ஆலையின் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல்தான். அதற்குள், 1965இல், நீகாட்டாவில் வேறொரு நிறுவனத்தின் கழிவால் அதே நோய் மீண்டும் தோன்றியிருந்தது. 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்து, நோயாளிகளுக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகர மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். பத்தில் நால்வர் வறுமையில் வாழ்பவர். தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தின் அதிகாரத்தைப் பறித்து மாநில அரசு நியமித்த நிர்வாகியின் கீழ், 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்கக் குடிநீர் ஆதாரம் ஃபிளிண்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் நீரில் கரைந்தது. இயந்திர உதிரிகளை அந்நீர் அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை கூறியதும், அதே ஆண்டு அக்டோபரில் அதற்கு வேறு நீர் கிடைத்தது. குழந்தைகளின் உடலில் தடிப்பு வருகிறது என்று கூறிய தாய்மார்களுக்கு மேலும் ஓராண்டு அதே நீர்தான். மக்கள் தாமே வீடு வீடாகச் சேகரித்த நீர் மாதிரிகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை ஒரு குழந்தை மருத்துவர் வெளிப்படுத்தினார். அதன் பின்னரே அரசு பணிந்தது. இப்பேரிடரின் வேர் அமைப்புசார் நிறவெறியில் இருக்கிறது என்று மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம் 2017இல் பதிவு செய்தது.

ரைன் ஆற்றின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசெல் நகருக்கு அருகே சாண்டோஸ் கிடங்கு தீப்பிடித்து, பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்தன. ஆறு செந்நிறமாகி விலாங்குகள் செத்து மிதந்தன. ஓராண்டுக்குள் ஆற்றங்கரை நாடுகள் கூட்டுச் செயல்திட்டத்தை ஏற்றன, 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் திரும்ப வேண்டும் என இலக்கு வைத்தன, மீனும் திரும்பியது. இவ்விரைவுக்குக் காரணம் என்ன? அங்கே கீழ்மடையில் இருந்தது நெதர்லாந்து என்னும் வலிமையுள்ள அரசு. மேலும், பிரெஞ்சுச் சுரங்கத்தின் உப்பால் பாதிக்கப்பட்ட டச்சு விவசாய நிறுவனம், தீங்கு நேர்ந்த இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976லேயே தீர்ப்பளித்திருந்தது. கீழ்மடையில் இருந்தவர்க்கு அதிகாரம் இருந்தது. ஆகவே ஆறு பிழைத்தது.

நம் பாலாற்றின் கீழ்மடையில் இருப்பவர் யார்? தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியது. 28 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2025 ஜனவரியில், அதே வேலூர்ப் பகுதிக்காக அதே கோட்பாட்டை அது மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. இடையில், 2015 ஜனவரியில், இராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தனர். ஆற்றைக் காக்கக் கட்டிய அமைப்பே உழைப்பவரின் புதைகுழியாயிற்று. தோலைத் தொடும் உழைப்பைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகத்தில், அத்தொழிலின் நஞ்சும் அதே உழைப்பாளரின் தலையிலேயே இறங்குகிறது. இழப்பீட்டை நிலத்தின் அளவால் மட்டும் கணக்கிட்டால், நிலமில்லாத தலித் கூலித் தொழிலாளிக்கு எதுவும் கிட்டாது. வேலையை இழந்து, குடிநீருக்குக் குடத்தோடு அலையும் அவருடைய இழப்பு எந்தப் பட்டா எண்ணிலும் பதிவாவதில்லை.

கருவிகளும் தரநிலைகளும் தேவையே. ஆயினும் மினமாட்டாவிலும் ஃபிளிண்டிலும் குறைந்தது அறிவியல் அன்று. பாதிக்கப்பட்டோர் சொல்லுக்கான மதிப்பே. ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. குடியிருப்பு வாரியாக நீரைச் சோதித்து முடிவுகளைத் தமிழில் பொதுவில் வைக்க வேண்டும். மக்கள் எடுத்துத் தரும் மாதிரிகளையும் சோதிக்கும் கடமை அரசுக்கு இருக்க வேண்டும். நிலமற்றோரின் கூலி இழப்பும் உடல்நல இழப்பும் இழப்பீட்டில் சேர வேண்டும். வழக்குமன்றம் பாதிக்கப்பட்டவர் நடந்து செல்லும் தொலைவில் அமைய வேண்டும். 2024ஆம் ஆண்டுத் திருத்தமோ இதற்கு எதிர்த்திசையில், நீதிமன்றத்திலிருந்து அலுவலரின் மேசைக்கு நகர்கிறது. கொடுத்துத் தீர்த்துவிடக்கூடிய அபராதம் பெரிய ஆலைக்கு மற்றுமொரு செலவுக் கணக்கு மட்டுமே. கீழ்மடையில் வாழ்வோருக்கு அது பாதுகாப்பாகாது.