ஃபேன் காற்றில் பறக்கும் பனி: குழந்தைகளோட 'விண்டர் தீம்' மேசையில என்னதான் இருக்கு?

டிசம்பர் பிறந்தாலே அரையாண்டுத் தேர்வு, லீவு, அபார்ட்மென்ட் கிறிஸ்துமஸ் பார்ட்டி, நியூ இயர் கொண்டாட்டம் என்று வரிசை கட்டும். சில வருடங்களாக இதோடு ஒட்டிக்கொண்டு வருவது 'விண்டர் தீம்'. வெள்ளையும் வெளிர்நீலமுமாக ஒரு மேசை, நடுவில் பனிமனிதன், சுற்றிலும் மினுமினுக்கும் பனிப்பொழிவு. சென்னையில் ஃபேன் ஐந்தாம் நம்பரில் ஓடிக்கொண்டிருக்கும், மேசையில் மட்டும் துருவப் பிரதேசம்!

இதைக் கிண்டல் பண்ணுவது சுலபம். பனியே பார்க்காத ஊர்க் குழந்தைக்குப் பனி மேல ஆசை வருவதில் என்ன தப்பு? சவுக்குக் கிளையை வெட்டிவந்து பஞ்சைப் பிய்த்துப் போட்டு கிறிஸ்துமஸ் மரம் வைத்த வீடுகள் நம்ம ஊரில் எத்தனையோ. ஆசை பழசுதான். மாறியிருப்பது பனி எதனால் ஆனது என்பது. பஞ்சு இருந்த இடத்தில் இப்போது ஆன்லைனில் வரும் ரெடிமேட் கிட். பிரித்தால் தெர்மாகோல் உருண்டை, கிளிட்டர், தண்ணீர் ஊற்றினால் பொங்கும் 'இன்ஸ்டன்ட் ஸ்னோ', குட்டி குட்டி எல்.இ.டி. மெழுகுவத்திகள்.

முதல் ஐட்டமே சட்டப்படி சிக்கல். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைகளுக்குத் தடை போட்டது எல்லோருக்கும் தெரியும். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அமலுக்கு வந்த மத்திய அரசின் தடைப் பட்டியலில் 'அலங்காரத்துக்கான தெர்மாகோல்' என்றே தனியாக ஒரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது. பலூன் குச்சியும் அதே பட்டியல்தான். தடை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கேரி பேக்கும் டீ கப்பும்தான், ரெய்டு செய்திகளிலும் அவைதான் வரும். அலங்காரச் சாமான் அந்தச் சந்தில் நைஸாக நுழைந்துவிடுகிறது.

கிளிட்டர் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பெரும்பாலான கிளிட்டர் பிளாஸ்டிக் துகள்தான். ஒருமுறை சிந்தினால் பொங்கல் வரைக்கும் பெருக்கலாம். உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் தடுத்திருக்கிறது.

ஆனா, குப்பையைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. சுவரில் மாட்டும் தோரணமும் மேசை அலங்காரமும் ஒன்றல்ல. மேசை, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே கேக், ஜெல்லி, மிட்டாய். எது சாப்பாடு, எது சாமான் என்று பிரித்துப் பார்க்க ஒன்றரை வயதுக்குத் தெரியாது.

கண்ணாடிக் குடுவையில் 'பனிக்கட்டி' மாதிரி போட்டு வைக்கிறோமே வாட்டர் பீட்ஸ், அதையே பாருங்கள். டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் பொருளின் குடும்பம்தான். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் ஊதிப் பெருத்து குடலை அடைத்துவிடலாம். அமெரிக்காவில் 2016 முதல் 2022 வரை இதனால் சுமார் 7,800 முறை குழந்தைகளை எமர்ஜென்சி வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்பது அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. குழந்தைகளுக்கான பொருளாக இதை விற்பதை அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றுமே 2023 கடைசியில் அங்கே நிறுத்துவதாக அறிவித்தன.

அடுத்தது அந்த எல்.இ.டி. மெழுகுவத்தி. நெருப்பு இல்லை, அதனால் சேஃப் என்று நம்பி வாங்குகிறோம். திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சின்ன மூடி, நகத்தால் நெம்பினாலே திறந்துவிடும் ரகங்கள் நிறைய. உள்ளே சி.ஆர். 2032 என்ற பட்டன் பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவு. குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவும் அதுதான்.

சிக்கிய இடத்தில் ஈரம் பட்டதும் பேட்டரியின் மின்சாரம் அங்கே காரத்தை உருவாக்குகிறது. அந்தக் காரம் சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரம் போதும், மோசமான புண் வந்துவிட. பழசாகி விளக்கு எரியாத பேட்டரிகூட இதைச் செய்யும். வெளியே தெரிவதோ எச்சில் வடிதல், சாப்பிட மறுப்பது, இருமல். சளி என்று நினைத்து ஒருநாள் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் ரீஸ் ஹாம்ஸ்மித் என்ற 18 மாதக் குழந்தை ரிமோட்டின் பட்டன் பேட்டரியை விழுங்கி, 2020 டிசம்பரில் இறந்தது. அவளுடைய அம்மா விடாமல் போராடியதன் பலன், 2022 ஆகஸ்ட்டில் வந்த 'ரீஸ் சட்டம்'. பட்டன் பேட்டரி போடும் பொருளின் மூடி ஸ்க்ரூ டிரைவரோ நாணயமோ இல்லாமல் திறக்கக் கூடாது, அல்லது ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அழுத்தித் திருப்பினால்தான் திறக்க வேண்டும் என்கிறது அது. நம் கையில் இருக்கும் கிட்டை எந்தச் சட்டம் சோதித்தது என்று காத்திருக்க வேண்டாம். ஸ்க்ரூ இல்லாத மூடி என்றால் அந்த விளக்கு மேசைக்கு வரவே வேண்டாம். ஸ்க்ரூ போட்ட, பென்சில் பேட்டரி ரக சீரியல் லைட் போதும்.

குழந்தை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும், 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு முறை. இது அமெரிக்காவின் விஷ முறிவு மையம் தரும் வழிகாட்டல். தேன் தேடிக்கொண்டு நேரத்தைக் கரைக்காதீர்கள், அது சிகிச்சை இல்லை.

சரி, அப்போ குழந்தைக்குப் பனியே கிடையாதா? நிறைய இருக்கு, நம் கையாலேயே செய்யலாம். கிட் வாங்கினால் குழந்தை செய்வதற்கு என்ன மிச்சம்? பிரிக்கிறது, ஒட்டுகிறது, அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் போனைக் கேட்கும். காகிதத்தில் பனிப்பூ வெட்டச் சொல்லுங்கள், ஒரு மத்தியானம் முழுக்க ஓடும்.

சதுரமான காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதன் நீண்ட விளிம்பின் நடுப்புள்ளியை மையமாக வைத்து மூன்று சம பாகமாக மடியுங்கள். இன்னொரு முறை பாதியாக மடித்து, மேலே துருத்தும் நுனிகளை வெட்டிவிட்டு, ஓரங்களில் இஷ்டம் போல் நறுக்கலாம். மொத்தம் 12 அடுக்கு சேர்வதால் சார்ட் பேப்பர் சரிப்படாது, குழந்தைக் கத்தரி திணறும். டிஷ்யூ பேப்பரோ பழைய நியூஸ் பேப்பரோ நல்லது. மூன்றாக மடிக்கும் இடம்தான் கஷ்டம். அங்கே மட்டும் அத்தையோ மாமாவோ கை கொடுங்கள்.

பிரித்தால் ஆறு கை. நிஜப் பனிப்பூவும் அப்படித்தான், நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால். ஏன் ஆறு என்று கெப்ளர் 1611-லேயே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். வெர்மான்ட் விவசாயி வில்சன் பென்ட்லி 1885-ல் பனிப்பூவைப் போட்டோ எடுக்கத் தொடங்கி, வாழ்நாளில் 5,000-க்கு மேல் எடுத்துத் தள்ளினார். இதைச் சொல்லிவிட்டு, பார்ட்டி கடையில் எட்டு கை பனிப்பூ தொங்கினால் குழந்தையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செம குஷியாகிவிடும்.

இந்த அறுகோணம் நம் வாசலிலேயே இருக்கு என்பதுதான் எனக்குப் பிடித்த சமாச்சாரம். மார்கழிக் கோலத்தில் '7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி' என்பார்களே, அந்தக் கட்டம் அப்படியே அறுகோணம். 4, 5, 6, 7, 6, 5, 4 என்று புள்ளி வைத்து, நடுப்புள்ளியிலிருந்து ஆறு பக்கமும் கோடு இழுத்து, ஒவ்வொன்றிலும் கிளை பிரித்தால் பனிப்பூ ரெடி. நீல சார்ட்டில் வெள்ளை சாக்பீஸால் போட்டால் மேசைக்கு நடுவில் விரிக்கும் விரிப்பாகிவிடும். பாட்டி வீட்டில் இருந்தால் புள்ளி வைக்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள், நம்மைவிட நேராக வரும்.

உறைபனிக்குக் கல் உப்பு. ஜாம் பாட்டிலின் வெளிப்பக்கம் பசை தடவி உப்பில் உருட்டி எடுத்தால், டிசம்பர் காலையில் ஊட்டிப் புல்வெளி இருக்குமே, அந்த லுக் வரும். உள்ளே சீரியல் லைட்டைப் போட்டால் இன்னும் அழகு. ஒரே தொல்லை, மழை நாளின் ஈரக் காற்றில் உப்பு கசிய ஆரம்பித்துவிடும். முந்தின நாளே செய்து வைக்காமல், பார்ட்டி அன்று காலையில் உருட்டுங்கள்.