பழைய மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"கொலை செய்தவர் மனநோயாளி என்று வக்கீல் வாதம்" என்று டிவியில் ஓடினால் போதும், "பைத்தியம்னு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வெளியே வந்துடுவான் பாருங்க" என்று நம் குடும்பக் குழுவிலேயே நாலு பேர் எழுதிவிடுகிறீர்கள். செத்தவர் வீட்டை நினைத்து வரும் கோபம், நியாயம்தான். ஆனால் சட்டம் அவ்வளவு லேசாக யாரையும் விடுவதில்லை.

முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு. எண்தான் மாறியது, சங்கதி ஒன்றே. சித்த சுவாதீனம் இல்லாததால், தான் செய்யும் காரியம் இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அதைச் செய்யும் நேரத்தில் அறிய முடியாதவர் செய்தது குற்றமாகாது. 'செய்யும் நேரத்தில்' என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள் (பழக்கதோஷம், மன்னிக்கவும்!). நோய் இருப்பது மட்டும் போதாது. பல வருடம் மாத்திரை சாப்பிட்டவரே ஆனாலும், கத்தியை ஒளித்துவிட்டு ஓடினார் என்றால், "தப்பு என்று தெரிந்துதானே ஓடினார்?" என்று கேள்வி வரும்.

இந்த அளவுகோல் லண்டனிலிருந்து வந்தது. 1843-ல் மெக்நாட்டன் என்பவர், ஆளுங்கட்சி தன்னைத் துரத்துகிறது என்ற பிரமையில் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். அவர் விடுதலையானபோது அங்கும் இதே கூச்சல்தான். அதன் பிறகே நீதிபதிகள் விதி வகுத்தார்கள்.

சரி, சுவாதீனம் இல்லை என்று யார் காட்ட வேண்டும்? குற்றம் சாட்டப்பட்டவர்தான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாம், அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பே மனநோய் இருந்தது தெரியவந்தால் உடனே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது புலனாய்வு அதிகாரியின் கடமை என்றும் 2007-ல் சொன்னது. ஆனால் முன்பே நோய் இருந்தது என்பதற்கு அத்தாட்சி எங்கே?

அங்கேதான் நம் வீடுகள் கோட்டை விடுகின்றன. "காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போவோம். தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும் என்று டாக்டரிடம் போக மாட்டோம். போனாலும் வெளியூர் போய், சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வருவோம். பள்ளியில் எத்தனை தாய்மார்கள் என்னிடம் "அவனுக்கு ஒண்ணுமில்ல டீச்சர், கொஞ்சம் கோவக்காரன்" என்று சொல்லியிருக்கிறார்கள்! நாளைக்கு ஒரு விபரீதம் நடந்தால், ஊரறிய மறைத்த நோயைக் கோர்ட்டில் எதை வைத்துக் காட்டுவது? பணமுள்ளவர்களிடம் ஃபைல் இருக்கும், இல்லாதவர்களிடம் அம்மாவின் அழுகைதான் இருக்கும்.

இன்னொன்று. இந்தப் பிரிவில் விடுதலையானவர் நேரே வீட்டுக்கு வந்துவிடுவதில்லை. உறவினர் யாராவது பொறுப்பேற்றால் உண்டு, இல்லாவிட்டால் பாதுகாப்புக் காவல்தான். விசாரணையைப் புரிந்துகொள்ளவே முடியாத நிலை என்றால் வழக்கே நின்றுவிடும். அசாமில் 1951-ல் கைதான ஒருவரை அப்படித்தான் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குணமாகிவிட்டார் என்று 1967-ல் மருத்துவமனை சொன்ன பிறகும் சிறையிலேயே இருந்தார். வெளியே வந்தது 2005-ல். ஐம்பத்து நாலு வருடம், விசாரணையே இல்லாமல்! இதையா தப்பிப்பது என்கிறோம்?

வீட்டில் யாராவது தூங்காமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். ஓ.பி. சீட்டு, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். உடனே போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச எண்தான், தமிழிலேயே பேசலாம்.