கடனட்டையும் கடை முதலும்

காத்தான்குடி, ஏறாவூர்க் கடைத்தெருக்களில் கடனட்டையால் சரக்கு எடுக்கும் சகோதரர்கள் பலர் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி நிம்மதியடைகிறார்கள். இது முதலைத் தின்னும் பழக்கம் என்பேன்.

மத்திய வங்கி 2020இல் கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு விதித்தது. 2022இல் அது நீங்கியது. 2023 ஆகஸ்டில் 28 வீதம் என மீண்டும் வரையறுக்கப்பட்டது. 28 வீதப்படி ஒரு இலட்சம் நிலுவைக்கு மாதம் சுமார் 2,300 ரூபாய் வட்டி. அந்தச் சரக்கில் அவ்வளவு இலாபம் நிற்குமா? அட்டையில் காசாக எடுத்தாலோ எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உரிய திகதிக்குள் முழுத்தொகையும் கட்ட முடியாதவர் அட்டையில் சரக்கு எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஏற்கனவே சிக்கியவர்கள் வங்கிக்கு ஒளிக்காமல் நேரில் போய், நிலுவையைத் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேளுங்கள். கணக்குப் பிழைகளை எழுத்தில் முறையிடுங்கள்; தீராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தை அழையுங்கள். கொடுகடன் தகவல் பணியகத்தில் பெயர் கெட்டபின் வருந்திப் பயனில்லை.