தாமதத்திற்கு விலை கொடுப்பவர் யார்?

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றில் நமது வட்டாரம் முன்வரிசையில் நிற்பது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிய 1904-ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் மாதத்தில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவு பெற்றது. நியாயமான வட்டிக்குக் கடன் கிடையாமையே அன்று அங்கத்தினரின் பெருங்குறை. இன்றோ, கடனும் கூலியும் விளைபொருளின் விலையும் அங்கத்தினரை வந்தடையும் வழி பெரும்பாலும் செல்பேசியாகிவிட்டது. அவ்வழி சீராக இருக்கிறதா என்று ஆராய்வதும் கூட்டுறவாளரின் கடமையே. ஆதலின், பொதுத்துறை நிறுவனமாகிய பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி சேவை பல ஆண்டுகள் தாமதமானதைப் பற்றி இங்கு எழுத முற்படுகிறோம்.

இது கூட்டுறவு இதழுக்குரிய பொருள்தானா எனச் சிலர் வினவக்கூடும். சங்கத்தில் பாவும் ஊடையும் ஜரிகையும் பெற்று நெய்பவரின் கூலி இன்று வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வெளியூர் வாடிக்கையாளர் கரையையும் முந்தியையும் உடலின் நிறத்தையும் செல்பேசியில் படமாகக் கண்ட பின்னரே சேலையைக் கேட்கிறார். விவசாய அங்கத்தினர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் அளக்க இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, பி.எம். கிசான் உதவித்தொகை பெறுவதற்கும் மின்னணு முறையில் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்குவதற்கென 2,516 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஏற்றது. கணினி வந்து சேர்ந்து, அதற்கு இணைப்பு வாராவிடில் அது மேசைக்கு அலங்காரமாகவே நிற்கும்.

இதில் அங்கத்தினர் பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் குறுஞ்செய்தியாக வருவதால், பழைய 2ஜி அலைவரிசையிலும் அது வந்து சேர்ந்துவிடும். ஆனால் அவ்வெண்ணை இட வேண்டிய பக்கம் அந்த வேகத்தில் திறவாது. எண் கையில் இருக்கும். அதன் காலக்கெடு கழிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வாறு கழியும் அரை நாள் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. நெய்தவரை நோக்க அது அரை நாள் தறி நின்றதற்கு ஒப்பாகும்.

இனித் தாமதத்தின் கதையைப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் உருவான பி.எஸ்.என்.எல்., தொடக்கத்தில் பின்தங்கிய நிறுவனமன்று. 3ஜி சேவையைத் தனியார் நிறுவனங்களுக்கு முன்னதாகவே, 2009 பிப்ரவரியில், சென்னையில் அது தொடங்கியது. ஆனால் 4ஜி விஷயத்தில் நிலைமை தலைகீழாயிற்று. தனியார் துறையில் 2012-இல் கல்கத்தாவில் தொடங்கிய 4ஜி, 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் நாடெங்கும் பரவிற்று. பி.எஸ்.என்.எல்.லுக்கோ 4ஜி அலைக்கற்றை ஒதுக்கும் முடிவே 2019 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை சிற்சில ஊர்களில் 3ஜிக்குரிய அலைக்கற்றையைக் கொண்டு ஓரளவு சமாளித்ததன்றி, நாடு தழுவிய 4ஜி சேவை அதற்கு வாய்க்கவில்லை.

அதன் பின்னரும் தடை நீங்கவில்லை. 2020 மார்ச்சில் சுமார் 50,000 கோபுரங்களுக்குரிய சாதனங்களுக்காக ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அதன் நிபந்தனைகள் அந்நிய நிறுவனங்களுக்கே சாதகமானவை என்ற புகார் எழுந்தது. ஜூனில் சீன எல்லையில் மோதலும் நிகழ்ந்தது. ஜூலையில் ஒப்பந்தப்புள்ளி ரத்தாயிற்று. பின்னர், உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டே 4ஜி அமைப்பது என்று தீர்மானித்து, சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். ஆகியவை கூடி அதனை உருவாக்கின. பெரிய அளவில் சாதனங்களுக்கான ஆணை 2023 மே மாதத்தில்தான் பிறந்தது. 2025 செப்டம்பர் 27-ஆம் நாள் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் இச்சேவையைத் தொடங்கி வைத்தபோது, 97,500-க்கு மேற்பட்ட கோபுரங்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

நமது பக்கத்தில் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். 2022 அக்டோபரில், நாட்டில் 5ஜி தொடங்கிய முதல் நாளிலேயே, ஏர்டெல் நிறுவனம் தேர்ந்தெடுத்த எட்டு நகரங்களுள் சென்னையும் ஒன்று. அங்கிருந்து 75 கிலோமீட்டர் தொலைவிற்குள் இருக்கும் நம் நெசவாளர்களில் பொதுத்துறைச் சேவையை நம்பியிருந்தோர் அப்பொழுது 4ஜிக்கே காத்திருந்தனர். அண்டை மாவட்டமாகிய திருவள்ளூரின் சில கிராமங்களில் பி.எஸ்.என்.எல். 4ஜி தலைகாட்டியது 2024 ஜூலையில். ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் வெவ்வேறு காலங்களில் வாழ்வதுபோல் ஆயிற்று.

உள்நாட்டுத் தொழில்நுட்பம் வேண்டும் என்ற முடிவை நாம் குறை கூறவில்லை. கைத்தறியாளர் அவ்வாறு குறை கூறவும் கூடாது. சுதேசி என்ற சொல்லை நம்பியே நம் தறிகள் பிழைத்தன. செய்தித் தொடர்பு போன்ற முக்கியமான துறையில் அந்நியச் சாதனங்களை முற்றும் நம்பியிருப்பது நாட்டுக்கு நலமன்று என்பதும் உண்மையே. ஆனால் பாவை ஏற்றுமுன் நூலைச் சோதிப்பது ஒன்று. ஏற்றிய பாவை அறுத்தெறிந்துவிட்டு நூல் நூற்கப் புறப்படுவது மற்றொன்று. 2016-லேயே செய்திருக்க வேண்டிய முடிவை 2020-இல் செய்தமையால், நல்ல கொள்கையின் செலவு முழுவதும் கடைக்கோடியில் இருக்கும் வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. கொள்கையை வகுத்தவர் எவரும் பக்கம் திறவாத செல்பேசியுடன் காத்திருக்கவில்லை.

பணம் இல்லாமையால் நேர்ந்த தாமதம் என்றும் கூறிவிட முடியாது. 2019, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் புத்துயிர்த் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றின் கூட்டுத்தொகை மூன்று லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். ஊழியரின் சோம்பல் என்று பழிப்பதும் நேர்மையாகாது. 2020 ஜனவரி இறுதியில் 78,000-க்கு மேற்பட்ட ஊழியர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். எஞ்சியோர் கையில் புதிய சாதனமும் இல்லை. கருவியை மறுத்துவிட்டுப் போட்டியில் வெல்லுமாறு ஒரு பொது நிறுவனத்தைப் பணிப்பது தகுமா? கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இத்தகைய சோதனை நேர்ந்ததுண்டு என்பதை நம் அங்கத்தினர் அறிவார்கள்.

“தனியார் சேவைக்கு மாறிவிட்டால் போயிற்று, எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 முதல் இருக்கிறதே” என்பார் சிலர். உண்மைதான், பலர் மாறியும் விட்டனர். ஆயினும் 2024-ஆம் ஆண்டு தந்த பாடத்தை மறத்தல் ஆகாது. அவ்வாண்டு ஜூலையில் தனியார் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. ஜூலையில் சுமார் 29 லட்சம், ஆகஸ்டில் சுமார் 25 லட்சம் என மக்கள் பி.எஸ்.என்.எல்.லை நாடி வந்தனர். நவம்பருக்குள் அவ்வலை திரும்பி, அம்மாதத்தில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரை நிறுவனம் இழந்தது. குறைந்த கட்டணம் அழைத்து வந்தோரை நிறுத்தி வைக்க வேகமான சேவை வேண்டுமல்லவா? தறிக்குக் கூட்டுறவுச் சங்கம் எப்படியோ, அலைவரிசைக்குப் பொதுத்துறை நிறுவனம் அப்படி. அது வலுவுடன் இருந்தால்தான் மற்றவரின் விலையும் ஒரு கட்டுக்குள் நிற்கும். சங்கம் நலிந்த ஊரில் முதலாளி சொன்னதே கூலி என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

ஆகவே, செய்ய வேண்டியவை சிலவற்றை முன்வைக்கிறோம். முதலாவதாக, ஊராட்சி ஒன்றியவாரியாக எந்தக் கோபுரம் எந்த மாதத்தில் மேம்படுத்தப்படும் என்ற பட்டியலைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வெளியிட வேண்டும். நாளைக் குறித்துவிட்டுத் தவறினால் காரணம் கேட்கலாம். குறியாத நாளுக்கு எவரைக் கேட்பது?

இரண்டாவதாக, டிராய் அமைப்பு 2024-இல் வகுத்த சேவைத்தர விதிகளின்படி, நிறுவனங்கள் தத்தம் சேவை எட்டும் பரப்பை வரைபடமாக வலைத்தளத்தில் வெளியிட வேண்டும். சங்கக் காரியதரிசிகள் அவ்வரைபடத்தைத் தம் ஊரின் உண்மை நிலையுடன் ஒப்பிட்டு, வேறுபாட்டை நாள், நேரம், இடம் குறித்து ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டுகிறோம். தனி ஒருவரின் புகார் எளிதில் மறைந்துபோம். பொதுக்குழுத் தீர்மானத்துடன் ஐம்பது பதிவுகள் இணைந்து சென்றால் அதனை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

மூன்றாவதாக, சங்க அலுவலகத்தின் இணைப்பை ஒரே நிறுவனத்தை நம்பி விட்டுவிடலாகாது. கூலிப் பட்டுவாடா நாளில் மாற்று இணைப்பு ஒன்று கைவசம் இருத்தல் நலம்.

நான்காவதாக, கோபுரம் 4ஜி ஆனபின்னும் பழைய சிம் அட்டையை மாற்றாதவருக்குப் பயன் கிட்டாது. செல்பேசியும் அவ்வலைவரிசையை ஏற்பதாக இருத்தல் வேண்டும். சிம் மாற்றும் முகாமொன்றைச் சங்க வளாகத்திலேயே நடத்த நிர்வாகக் குழுவினர் ஏற்பாடு செய்யலாம். முதியோரும் பெண் நெசவாளரும் இதனால் பெரிதும் பயனடைவர்.

4ஜி வந்துகொண்டிருக்கிறது என்பதற்காக நாம் வாளா இருந்துவிடலாகாது. இனி 5ஜிக்கும் அதன்பின் வருவதற்கும் இதே கதை நிகழாதிருக்க வேண்டுமெனில், தாமதம் செய்வோரே அதற்குரிய விளக்கத்தை அவ்வப்போது அளிக்கும் வழக்கம் வேரூன்ற வேண்டும். நம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகள் அங்கத்தினர் முன் நின்று கணக்குச் சொல்வதைப் போன்றதே அது. அடுத்த பொதுக்கூட்டத்தின் பொருள்நிரலில் இதனையும் ஒரு விஷயமாகச் சேர்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.